ஹைப்ரிட் ஃபுல்-சைஸ் பிக்கப்: ஆபீஸ், கேம்ப்பர், புயல் மூன்றுக்கும் ஒரே வண்டி போதுமா?

கேள்வி கேட்ட நண்பர் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறார். தினமும் ஐ-10 நெரிசலில் டவுன்டவுன் போய்வருகிறார். வீட்டில் ஐந்து பேர். 5,200 பவுண்டு என்று பிரோஷரில் போட்டிருக்கும் ஒரு கேம்ப்பர் டிரெய்லரை வாங்கி, கோடை விடுமுறையில் கொலராடோ வரை இழுத்துப்போக ஆசைப்படுகிறார். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது கரண்ட் இல்லாமல் பட்ட பாடு மறக்கவில்லை. வண்டியிலிருந்தே வீட்டுக்கு மின்சாரம் எடுக்க முடிந்தால் நல்லது என்கிறார். "ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட்டா, டொயோட்டா டன்ட்ரா ஹைப்ரிடா, இல்லை பேசாமல் ஹைப்ரிட் இல்லாத, எட்டு சிலிண்டர் வி8 டிரக் ஒன்றை வாங்கிவிடலாமா? ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கொடுப்பது பெட்ரோலில் திரும்பி வருமா?" என்று முடித்திருக்கிறார்.

கேள்வி பெட்ரோல் பணத்தில் முடிந்தாலும், அவர் கேட்பது அதைவிடப் பெரிய விஷயம். ஆபீஸ் ஓட்டம், டிரெய்லர் இழுவை, புயல்நாள் கரண்ட் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வேலைகளை ஒரே வண்டியில் முடிக்கலாமா என்பதுதான் அது. ஹைப்ரிட் இந்த மூன்றுக்கும் ஒரே அளவில் உதவாது. ஒன்றில் நன்றாக உதவும், ஒன்றில் கிட்டத்தட்ட உதவவே உதவாது, மூன்றாவதில் எந்த கம்பெனி வண்டி என்பதைப் பொறுத்தது. நான் டிரக்குகளின் டிரான்ஸ்மிஷன், ஹைப்ரிட் பவர்டிரெயின் சோதனையில் பல வருடம் வேலை பார்த்தவன், சொந்தமாகவும் டிரெய்லர் இழுக்கிறேன். வண்டியின் இயக்கம் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். லோன், இன்ஷூரன்ஸ், ரீசேல் விலை எல்லாம் என் துறை இல்லை, அதை வேறு யாராவது எழுதினால் நல்லது.

முதலில் இந்த வண்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பவர்பூஸ்ட் என்பது எஃப்-150-இன் ஹைப்ரிட் வடிவம். 2021 மாடலில் வந்த அதில் 3.5 லிட்டர் ட்வின் டர்போ வி6 எஞ்சினுக்கும் 10 கியர் டிரான்ஸ்மிஷனுக்கும் நடுவே 35 கிலோவாட் மோட்டார் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 430 குதிரைத்திறன், 570 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை). பேட்டரி 1.5 கிலோவாட்-மணி, அதாவது ஒன்றரை யூனிட். 2022-இல் வந்த டன்ட்ரா ஹைப்ரிடும் அதே பாணிதான்: ட்வின் டர்போ வி6, 48 குதிரைத்திறன் மோட்டார், மொத்தம் 437 குதிரைத்திறன், 583 பவுண்டு-அடி. அதன் நிக்கல் பேட்டரி இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் சுவரில் செருகி சார்ஜ் செய்ய முடியாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் சக்தியைப் பிடித்து வைத்து, மறுபடி கிளம்பும்போது கொடுப்பதுதான் இந்த பேட்டரியின் முக்கிய வேலை.

இந்த ஒன்றரை யூனிட் எவ்வளவு என்று தெரிந்துகொண்டாலே பாதி குழப்பம் தீரும். ஆட்களோடு சேர்த்து 6,000 பவுண்டு எடையுள்ள டிரக் 60 மைல் வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் சக்தி கால் யூனிட்டுக்குச் சற்று மேல். அதில் ஒரு பகுதிதான் பேட்டரிக்குத் திரும்பும். ஆக, 60-லிருந்து நின்று, மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கும் விளையாட்டுக்கு இந்த பேட்டரி கச்சிதமான அளவு. ஐ-10-இல் காலை ஏழரை மணிக்கு நடப்பது அதுதானே. சிக்னலில், நெரிசலில் எஞ்சின் அணைந்து, மோட்டாரிலேயே ஊர்ந்து, பிரேக் பிடித்த சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஹைப்ரிடின் பலன் நிஜம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எண்களே இதைக் காட்டுகின்றன. 2021 எஃப்-150 நான்கு சக்கர இயக்கத்தில், ஹைப்ரிட் இல்லாத அதே 3.5 எஞ்சினுக்கு சிட்டியில் கேலனுக்கு 18 மைல், ஹைவேயில் 23. ஹைப்ரிடுக்கு இரண்டிலும் 24. சிட்டியில் ஆறு மைல் வித்தியாசம், ஹைவேயில் ஒரே ஒரு மைல். டன்ட்ராவில் வித்தியாசம் இன்னும் குறைவு. இரண்டு சக்கர இயக்கத்தில் சிட்டி, ஹைவே இரண்டையும் சேர்த்த கூட்டு மைலேஜ் 20-லிருந்து 22 ஆகிறது, அவ்வளவுதான். டொயோட்டா மோட்டாரை மைலேஜுக்காக வைத்ததைவிட இழுவிசைக்காக வைத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஓட்டிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

இப்போது பணக் கணக்கு. வருடத்துக்கு 15,000 மைல் என்று வையுங்கள். கூட்டு மைலேஜ் 20 என்றால் 750 கேலன், 24 என்றால் 625 கேலன். மிச்சம் 125 கேலன். கேலன் 3 டாலர் என்றால் வருடத்துக்கு 375 டாலர். ஹைப்ரிடுக்கு நீங்கள் 2,500 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் அது திரும்ப ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நெரிசல் என்றால் சீக்கிரம் வரும், வார இறுதியில் மட்டும் ஓட்டினால் வரவே வராது. டீலரிடம் விலை கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஹைப்ரிடின் விலையை அதே டிரிமில், அதாவது அதே வசதிகள் கொண்ட வகையில், இருக்கும் 3.5 எஞ்சினோடு ஒப்பிட வேண்டும், அடிப்படை எஞ்சினோடு இல்லை. இழுக்கும் பலம் கிட்டத்தட்ட சமமாக இருப்பவற்றைத்தானே ஒப்பிட முடியும். செருகி சார்ஜ் செய்ய முடியாத வண்டி என்பதால் மத்திய அரசின் மின்வாகன வரிச்சலுகை இதற்கு எப்போதும் கிடைத்ததில்லை. அந்தச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. எனவே பெட்ரோல் மிச்சத்தை மட்டும் நம்பி இதை வாங்க வேண்டாம்.

அடுத்தது டிரெய்லர். இங்கே எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் குடும்பத்தின் பாதுகாப்பு இருக்கிறது. விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். 2021-இல் பவர்பூஸ்டுக்கு அதிகபட்சம் 12,700 பவுண்டு என்றார்கள், ஹைப்ரிட் இல்லாத அதே எஞ்சினுக்கு 14,000. டன்ட்ராவில் ஹைப்ரிடுக்கு 11,450, சாதாரணத்துக்கு 12,000. உங்கள் டிரெய்லர் 5,200 என்றவுடன், "பாதிகூட இல்லையே, தாராளமாக இழுக்கும்" என்று விற்பனையாளர் சொல்வார். எஞ்சின் இழுக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை வருவது டிரக்கின் முதுகில்.

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் பேலோடு. பிரோஷர் எண் வேறு, இது வேறு. தொழிற்சாலையிலிருந்து அந்த வண்டி எந்தெந்த ஆப்ஷனோடு வந்ததோ அதையெல்லாம் கழித்துப் போட்ட எண் இது. மோட்டாரும் பேட்டரியும் எடை கூட்டுவதால் ஹைப்ரிடில் இந்த எண் குறையும். 2021 எஃப்-150 வரிசையில் அதிகபட்ச பேலோடு 3,325 பவுண்டு, ஹைப்ரிடில் அதிகபட்சமே 2,120. அதுவும் மிகக் குறைந்த ஆப்ஷன் வண்டியில். கண்ணாடிக் கூரை, 20 அங்குல சக்கரம், குளிரூட்டும் இருக்கை என்று மேலே மேலே போனால், டீலர் வளாகத்தில் நிற்கும் வண்டிகளில் 1,300-லிருந்து 1,600 வரை எழுதியிருப்பதுதான் சகஜம். டன்ட்ரா ஹைப்ரிடிலும் ஏறக்குறைய அதே கதை.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போடலாம். 5,200 என்பது காலி டிரெய்லர். 40 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 330 பவுண்டு சேரும். சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, நாற்காலி, குழந்தைகளின் சைக்கிள் எல்லாம் ஏறினால் 6,300-ஐத் தொடும். டிரெய்லர் ஆடாமல் பின்தொடர வேண்டுமானால் அதன் எடையில் 10-லிருந்து 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது டிரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், அழுத்த வேண்டும். 13 சதவீதம் என்று வைத்தால் 820 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் ஒரு 90. ஐந்து பேருக்கு 620 என்று வைப்போம். பின்னால் பெட்டில் (திறந்த சரக்குத் தொட்டியில்) ஐஸ் பெட்டி, டூல்ஸ், விறகு என்று 150. கூட்டினால் 1,680 பவுண்டு. கதவில் 1,450 என்று எழுதியிருக்கும் வண்டியில், டிரெய்லர் எடை அனுமதித்ததில் பாதிதான் என்றாலும், டிரக் ஏற்கனவே 230 பவுண்டு அதிகம் சுமக்கிறது. எடையைப் பகிரும் ஹிட்ச் அழுத்தத்தில் கொஞ்சத்தை டிரெய்லர் அச்சுக்கே திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்பது அதைப் பொருத்திய விதத்தைப் பொறுத்தது. வாங்கும்போது அதை மிச்சமாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். பின் அச்சு தாழ்ந்து, முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, பக்கத்தில் பதினெட்டு சக்கர லாரி கடக்கும் காற்றில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால், ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இழுக்கும்போது ஹைப்ரிட் மைலேஜுக்கு உதவுமா? ஹைவேயில் கிட்டத்தட்ட இல்லை. உயரமான கேம்ப்பரை 65 மைல் வேகத்தில் இழுக்கும்போது சக்தி முழுக்கக் காற்றைத் தள்ளவே போகிறது. பிரேக் பிடிப்பதே அபூர்வம் என்றால் திரும்ப எடுக்க என்ன இருக்கிறது? இந்த வகை டிரெய்லரோடு எந்த பெட்ரோல் டிரக்காக இருந்தாலும் கேலனுக்கு 9-லிருந்து 11 மைல் எதிர்பார்ப்பது நியாயம். பவர்பூஸ்டிலும் அதுதான். அதில் 30 கேலனுக்குச் சற்று மேல் பிடிக்கும் டேங்க் இருப்பது அமாரில்லோ தாண்டிப் போகும் நீண்ட சாலைகளில் ஹைப்ரிடைவிடப் பெரிய உதவி.

மலைப் பாதையில் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன், கொலராடோ என்று கேட்டதால். டென்வரிலிருந்து ஐ-70-இல் மேற்கே ஏறினால் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. ஏறும்போது 35 கிலோவாட் மோட்டார் முழு வேகத்தில் வேலை செய்தால் ஒன்றரை யூனிட் பேட்டரி மூன்று நிமிடம்கூட நிற்காது. அதற்குப் பிறகு ஏற்றம் முழுக்க எஞ்சின்தான். அங்கே உங்களைக் காப்பாற்றுவது ஹைப்ரிட் இல்லை, மெல்லிய காற்றையும் அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ. டர்போ இல்லாத வி8 எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். வி8-இன் சத்தமும் எளிமையும் எனக்கும் பிடிக்கும், ஆனால் கொலராடோவுக்கு இழுப்பதுதான் திட்டம் என்றால் நான் டர்போவைத்தான் எடுப்பேன்.

இறங்கும்போது இன்னும் முக்கியமான விஷயம் இருக்கிறது. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 12,300 பவுண்டு ஆயிரம் அடி இறங்கினால் நாலரை யூனிட்டுக்கு மேல் சக்தி வெளியாகிறது. காற்றும் டயரும் அதில் பாதியை விழுங்கினாலும் மீதியே பேட்டரியின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம். சுரங்கத்திலிருந்து மேற்கே சில்வர்தோர்ன் வரை இரண்டாயிரம் அடிக்கு மேல் இறக்கம். ஆகவே முதல் சில நூறு அடிகளிலேயே பேட்டரி நிரம்பி, மோட்டார் பிரேக்கின் உதவி போய்விடும். நீங்கள் கால் வைத்த பிரேக் அதே உணர்வைத்தான் கொடுக்கும், ஆனால் அதன் பிறகு வேலை முழுக்க எஞ்சின் பிரேக்குக்கும் பிரேக் பேடுக்கும்தான். எனவே இறங்க ஆரம்பிக்கும் முன்பே டோ-ஹால் மோடை (பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பை) போட்டு, கீழ் கியரில் மெதுவாக இறங்குங்கள். டிரெய்லரின் சொந்த பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும். ஹைப்ரிட் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுபவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே பயம் வந்திருக்கிறது.

மூன்றாவது, கரண்ட். இங்கேதான் ஃபோர்டு தனியாக நிற்கிறது. பவர்பூஸ்டில் 2.4 கிலோவாட் எல்லா வண்டியிலும் வரும், கூடுதல் பணம் கொடுத்தால் 7.2 கிலோவாட். பெட்டிலேயே 240 வோல்ட், 30 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறது. வண்டி பாட்டுக்கு பேட்டரியிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும், குறைந்தால் எஞ்சின் தானே ஓடி நிரப்பிவிட்டு அணையும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் இந்த வண்டி வைத்திருந்தவர்கள் வீட்டுக்குக் கரண்ட் எடுத்ததும், ஃபோர்டு தன் டீலர்களிடம் கையிருப்பில் இருந்த வண்டிகளைத் தேவைப்படுவோருக்குக் கொடுத்து உதவச் சொன்னதும் செய்தியிலேயே வந்தது. டன்ட்ராவின் பெட்டில் இருந்தது 400 வாட் சாக்கெட்தான். லேப்டாப், விளக்கு, ஏர் பம்ப் ஓட்டலாம், வீட்டுக்குப் பற்றாது. உங்கள் பட்டியலில் புயல்நாள் கரண்ட் உண்மையிலேயே இருக்கிறது என்றால் இந்த ஒரு வித்தியாசத்திலேயே முடிவு பாதி வந்துவிட்டது.

7.2 கிலோவாட்டில் என்ன ஓடும்? ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், விளக்குகள், ஃபேன்கள், வைஃபை, ஒரு ஜன்னல் ஏ.சி. எல்லாம் சேர்த்து இரண்டரை கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும், நிம்மதியாக ஓடும். வீட்டின் சென்ட்ரல் ஏ.சி. வேறு விஷயம். ஓடும்போது எடுக்கும் கரண்ட் அடங்கினாலும், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், அதில் டிரக் கட் ஆகிவிடலாம். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னக் கருவி போட்டால் பல வீடுகளில் சமாளிக்கிறது, ஆனால் உங்கள் வீட்டு யூனிட்டைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

வீட்டோடு இணைப்பதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த 240 வோல்ட் சாக்கெட்டில் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு உண்டு, டிரக்கிலேயே நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டு பேனலிலும் அவை இணைந்திருக்கும். இரண்டு இடத்தில் இணைந்தால் கரண்ட் இரண்டு வழியில் திரும்பும், பாதுகாப்பு அதைக் கசிவு என்று நினைத்து உடனே டிரிப் ஆகும். வண்டியில் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு ஓடுகிறார்கள், ஆனால் அது சரியாகத்தான் வேலை செய்கிறது. வீட்டைத் தெரு கரண்டிலிருந்து டிரக்குக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச், நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாகப் போட்டால் தீர்ந்தது. இரண்டு பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாமல் தடுக்கும் சாதாரண இன்டர்லாக் மட்டும் வைத்தால் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம், டிரக்கின் மாடலைச் சொல்லி, நியூட்ரல் மாறும் சுவிட்ச் வேண்டும் என்று கேட்டு, எஸ்டிமேட் வாங்கிவிட்டு டிரக்கை புக் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள வயரை வைத்து வீட்டு சாக்கெட்டில் செருகும் வித்தையை யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். தெருவில் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் போகும். அப்புறம், கராஜுக்குள் வண்டியை வைத்து ஓட்டவே கூடாது, கதவைத் திறந்து வைத்திருந்தாலும்தான். எஞ்சின் சத்தமில்லாமல் தானாகக் கிளம்பும் வண்டி என்பதால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து இதில் இன்னும் மறைவாக இருக்கிறது. இந்த அளவு வண்டி, நாலு கதவும் ஐந்தரை அடி பெட்டும் சேர்த்து 19 அடிக்கு மேல் நீளம், எப்படியும் வெளியேதான் நிற்கும் பல வீடுகளில். வாங்கும் முன் கராஜை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். வண்டி ஆபீஸ் போய்விட்டால் வீட்டில் கரண்ட் இல்லை. நீங்கள் வெளியே வேலை பார்க்கும் நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், தனியாக ஒரு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்குவது இதைவிட மலிவான, நேரான வழி.

நம்பகத்தன்மை பற்றி நிச்சயமாகச் சொல்லக்கூடியது, சொல்ல முடியாதது இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். நிச்சயம்: பேட்டரிக்கும் ஹைப்ரிட் பாகங்களுக்கும் ஃபோர்டு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் தருகிறது, டொயோட்டா பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல். மோட்டார் பங்கெடுப்பதால் டிரெய்லர் இல்லாத ஓட்டத்தில் பிரேக் பேட் நீண்ட நாள் வரும். சொல்ல முடியாதது: பதினைந்து வருடம் கழித்து இந்த வண்டிகள் எப்படி இருக்கும் என்பது. 2021-இலும் 2022-இலும் வந்தவை, அந்த வயதை எட்டிய ஒரு வண்டிகூட உலகத்தில் இல்லை. கொரொல்லா, பிரியஸ் ஹைப்ரிடின் வரலாற்றை இதற்குப் பொருத்த வேண்டாம், அமைப்பே வேறு. டன்ட்ராவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2024-இல் டொயோட்டா எஞ்சினுக்குள் தங்கிய உலோகத் துகள் காரணமாக சுமார் 1,02,000 டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்தப் பட்டியலில் ஹைப்ரிட் இல்லை. ஆனால் ஹைப்ரிடிலும் இருப்பது அதே வி6 குடும்பம் என்பதால், பட்டியலில் இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிட மாட்டேன். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் தயாரித்த தேதியையும் எஞ்சின் சர்வீஸ் ரெக்கார்டையும் பார்ப்பேன். டன்ட்ராவின் பேட்டரி பின் இருக்கைக்குக் கீழே வருவதால் அங்கே சாமான் வைக்கும் இடமும் போகும். எஃப்-150-இல் அது சேஸிஸுக்கு நடுவே அடியில் இருக்கிறது, உள்ளே எதுவும் குறையவில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ராம் 1500-இன் இடார்க், 48 வோல்ட் கொண்ட சின்ன உதவி மட்டுமே. எஞ்சின் அணைந்து கிளம்புவதை மென்மையாக்கும், இந்தக் கேள்விக்கு விடை ஆகாது. ஜிஎம் 2009-லிருந்து 2013 வரை சில்வராடோவில் முழு ஹைப்ரிட் விற்றுப் பார்த்தது. சிட்டி மைலேஜ் நன்றாக இருந்தும் இழுவை 6,100 பவுண்டுதான் என்பதால் டிரக் வாங்குபவர்களை அது கவரவில்லை. இன்று அவர்களிடம் இருக்கும் 3 லிட்டர் டீசல், நீண்ட ஹைவே இழுவையில் மைலேஜ் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஹைப்ரிட்கள் இரண்டையும்விடப் பொருத்தம். கரண்ட் விஷயத்தில் அது உதவாது. ராம் அறிவித்திருக்கும் வண்டி வேறு வகை: 92 யூனிட் பேட்டரி, வி6 எஞ்சின் ஜெனரேட்டராக மட்டும் ஓடும், சக்கரத்தை மோட்டார்தான் சுற்றும். மேலே சொன்ன மலைக் கணக்குக்கு நேர் பதில் அதுதான், ஏனென்றால் அந்த அளவு பேட்டரி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஈடு கொடுக்கும். ஆனால் அறிவித்த தேதிகள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போயின. அடுத்த கோடைக்கு வண்டி வேண்டும் என்பவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், எஃப்-150 பவர்பூஸ்ட், 7.2 கிலோவாட், நடுத்தர டிரிம். கண்ணாடிக் கூரை வேண்டாம், பெரிய சக்கரம் வேண்டாம். கதவு ஸ்டிக்கரில் 1,700-க்குக் குறையாத வண்டி கிடைத்தால் மட்டும் இந்த டிரெய்லரோடு எடுப்பேன். கிடைக்கவில்லை என்றால் டிரக்கை மாற்றுவதைவிட டிரெய்லரைச் சின்னதாக்குவேன். நிரப்பிய பிறகு 5,000 பவுண்டுக்குள் அடங்கும் கேம்ப்பரிலும் ஐந்து பேர் தூங்கலாம். அதுவும் வேண்டாம், பெரிய டிரெய்லர்தான் என்றால் அதிக பாரம் தாங்கும் முக்கால் டன் டிரக் பக்கம் போக வேண்டியிருக்கும். அதை தினமும் ஐ-10-இல் ஓட்டுவது முதுகுக்கும் பர்ஸுக்கும் வலி. டிரெய்லர் ஆசை இன்னும் உறுதியாகவில்லை, எப்போதாவது மரச்சாமான் ஏற்ற ஒரு டிரக் போதும் என்ற நிலை என்றால், ஃபோர்டின் சின்ன பிக்கப்பான மேவரிக் ஹைப்ரிட் சிட்டியில் கேலனுக்கு 40 பக்கம் தரும். உங்கள் ஆபீஸ் ஓட்டத்துக்கு இந்தப் பட்டியலிலேயே சிக்கனமானது அதுதான். வருடத்துக்கு ஒரு முறை பெரிய டிரக்கை வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தால் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள், டிரெய்லர் இழுக்க அனுமதிக்காத வாடகை கம்பெனிகள் நிறைய.

டீலரிடம் போகும்போது குடும்பத்தோடு போங்கள், எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டுங்கள். கதவு ஸ்டிக்கரையும், டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டையும் படம் எடுத்து இங்கே கீழே போட்டால், தண்ணீர், ஹிட்ச் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.